ஹேஃபெ மூட்டையும் தம்பியின் கோழிகளும்



புதிதாக வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் "நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டால் "கோழித்தீன் கலக்கிற இடத்தில் வேலை" என்று சொல்லுவோம். அத்தோடு கதை முடிந்துவிடும். கோழித்தீனில் கதைப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள் போலும்! ஆனால் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் வீடுகளில் கிழமைக்கு இரண்டு நாளாவது கோழிக்கறி கொதிக்கிறது. குளிர்ப்பெட்டியைத் திறந்தால் முட்டைப் பெட்டி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அப்பத்துக்கோ பாணுக்கோ வாங்கிய 42 கிராம் 'ஹேஃபெ' கட்டி ஒன்றும் இருக்கும். இந்த மூன்றுக்கும் உள்ள தொடர்பைத்தான் எழுத நினைத்தோம். நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். வன்னியில் சாதாரணதரப் பரீட்சையோடு எங்கள் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததே. வேலைத்தலத்தில் கண்டதையும், கேட்டு அறிந்ததையும், வாசித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறோம்.

ஹேஃபெ என்பது வேறொன்றுமில்லை. ஊரில் விஞ்ஞானப் புத்தகத்தில் 'மதுவம்' என்று படித்தோமே, அதுதான். கடைகளில் 'ஈஸ்ற்' என்று கேட்டு வாங்கினோம். எங்கள் அம்மாமார் அப்பமா புளிப்பதற்குக் கொஞ்சம் கள்ளு விடுவார்கள். அந்தக் கள்ளைப் புளிக்க வைப்பதும் மதுவம், பாணைப் பொங்க வைப்பதும் மதுவம், ஜேர்மனியர்களின் பியரைப் பியராக்குவதும் மதுவமே. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சண உயிர். இனிப்பைத் தின்று மதுசாரத்தையும் வாயுவையும் விடுகிறது. பியர் விடயத்தில் இந்த நாட்டார் எவ்வளவு பெருமைப்படுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பவேரியாவில் 1516ஆம் ஆண்டு போட்ட பியர்ச் சட்டம் பார்லி, ஹொப்பன் பூ, தண்ணீர் என்று மூன்றை மட்டுந்தான் சொல்கிறது. ஹேஃபெயின் பெயரே அதில் இல்லை! அப்படி ஓர் உயிர் உண்டென்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1837இல் தியோடோர் சுவான் என்பவர் பேர்லினில் இருந்துகொண்டு இது உயிருள்ள பொருள் என்று சொன்னபோது பெரிய பெரிய விஞ்ஞானிகள் அவரைக் கேலி செய்தார்களாம்.

நாங்கள் இருப்பது நீடர்சாக்சன் மாநிலத்தில். ஃபெக்ரா, குளொப்பன்பூர்க் என்ற இரண்டு மாவட்டங்களும் கோழிக்கும் வான்கோழிக்கும் பன்றிக்கும் பேர்போனவை. பிரதான வீதியில் போனால் இரண்டு பக்கமும் நீளமான, தாழ்ந்த கட்டடங்கள் தெரியும். யன்னல் குறைவு. பள்ளிக்கூடமா, களஞ்சியமா என்று முதலில் நாங்களும் யோசித்ததுண்டு. எல்லாம் கோழிக்கொட்டில்கள். இந்தக் கொட்டில்களுக்குப் போகும் தீனில் சேர்க்கும் விற்றமின், உப்பு, தாது, ஹேஃபெ போன்றவற்றை அளந்து கலந்து மூட்டை கட்டுவதுதான் எங்கள் தொழிற்சாலையின் வேலை. எங்களோடு நாலு தமிழர், இரண்டு சிரியாக்காரர், மிச்சம் போலந்து, ருமேனியாக்காரர். ஜேர்மனியர் என்று பார்த்தால் மைஸ்ரரும் ஆய்வுகூடத்துப் பெண்ணும் இன்னும் சிலரும்.

ஹேஃபெத் தூள் மண்ணிறமான மா மாதிரி இருக்கும். வாசனை எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. ஊரில் சின்ன வயதில் பாணில் பூசித் தந்த 'மாமைற்' நினைவிருக்கிறதா? அதே வாசனைதான். மாமைற்றும் பியர் வடிசாலையில் மிஞ்சும் மதுவத்தில் செய்வதே. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆசனத்துக்காரர் தலையைத் திருப்பிக்கொள்வார். அது பரவாயில்லை, தூசுதான் பிரச்சினை. இப்படியான இடத்தில் வேலைக்குச் சேரும் தம்பிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். முகக்கவசத்தை வேர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்று கழற்றி வைக்காதீர்கள். தீன் தூசு நெஞ்சில் இறங்கினால் இழுப்பு வருத்தம் கொண்டுவரும். அது வேலையால் வந்த வருத்தம் என்றால் 'பெறூவ்ஸ்கெனோசன்சாவ்ற்' என்ற விபத்துக் காப்புறுதிச் சங்கம் பொறுப்பெடுக்கவேண்டும். ஆகவே வைத்தியரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். தூசில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மா போன்ற தூசு காற்றில் நிறைந்து நிற்கும்போது ஒரு பொறி போதும். பிறேமன் நகரில் 1979 பெப்ரவரி 6ஆம் திகதி ஒரு மா ஆலை இப்படி வெடித்து 14 பேர் இறந்தார்கள். சிகரெட் லைற்றரை அலுமாரியில் பூட்டிவிட்டு உள்ளே வா என்று மைஸ்ரர் சத்தம்போடுவது அதனால்தான்.

சரி, இந்தத் தூளை ஏன் கோழிக்குக் கொடுக்கவேண்டும்? பியர் காய்ச்சும் ஒவ்வொரு முறையும் போட்ட மதுவம் மூன்று நான்கு மடங்காகப் பெருகிவிடும். அடுத்த முறைக்குக் கொஞ்சம் எடுத்துவைத்தால் போதும், மிச்சம் கழிவு. அந்தக் கழிவைச் சூடான உருளையில் ஊற்றிக் காயவைத்தால் தூள் கிடைக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி புரதம். பி வகை விற்றமின்கள் நிறைய. ஒன்று கவனிக்கவேண்டும். மதுவம் செத்திருக்கவேண்டும். உயிரோடு நிறையக் கொடுத்தால் வயிற்றுக்குள்ளேயே புளிக்கத் தொடங்கிவிடும், தன்னிடம் உள்ள விற்றமினையும் சரியாக விடாது. இதில் 'மெதியோனின்' என்ற சத்து மட்டும் குறைவு. இறகு முளைக்கவும் முட்டை பெருக்கவும் அது தேவை. ஆகவே ஹேஃபெயை மட்டும் போட்டு ஒரு கோழியை வளர்க்க முடியாது. நூறு கிலோ தீனில் இரண்டு மூன்று கிலோ, கூடினால் ஐந்து.

பி விற்றமின் என்று ஒன்று இருப்பதையே கோழிதான் உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது என்பதை இங்கு வந்த பிறகுதான் வாசித்தோம். ஒல்லாந்தர் ஆண்ட யாவாவில், பத்தாவியா நகரில், 1890ஐ ஒட்டிய காலத்தில் ஐக்மன் என்ற வைத்தியர் 'பெரிபெரி' நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் கால் இழுத்துக் கழுத்து வளைந்து விழுந்தன. பிறகு திடீரெனச் சுகமாகின. காரணத்தைத் தேடினால், இராணுவ ஆஸ்பத்திரிக் குசினியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர் "பட்டாளத்துச் சோறு ஊர்க் கோழிக்கு இல்லை" என்று மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு தவிடு நீக்காத அரிசி போட்டார்கள், கோழி எழும்பிவிட்டது! தீட்டிய அரிசியில் இல்லாத ஏதோ ஒன்று தவிட்டில் இருக்கிறது என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவே பின்னர் பி1 விற்றமின் ஆனது. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தவிட்டில் உள்ள அதே பி1 மதுவத்திலும் நிறைய உண்டு. எங்கள் அப்பாச்சி கோழிக்குத் தவிடு குழைத்து வைப்பார். யாரும் அவருக்குப் பரிசு கொடுக்கவில்லை.

இந்த நாட்டில் ஹேஃபெயை வேண்டுமென்றே தீனுக்காக வளர்த்த காலமும் உண்டு. முதலாம் உலகப்போரில் கடல்வழி அடைபட்டு வெளியிலிருந்து புரதத் தீன் வராமல் போனபோது, பேர்லினில் மக்ஸ் டெல்புறூக் நடத்திய நொதித்தல் ஆய்வு நிலையத்தின் அறிவை வைத்து, சீனித் தொழிற்சாலைப் பாகிலும் அமோனியா உப்பிலும் மதுவத்தை வளர்த்தார்கள். இரண்டாம் போரில் மரத்திலிருந்து எடுத்த சீனியில் வளர்த்தார்கள். தடை என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. வன்னியில் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். கோழித்தீன் மூட்டை என்ற ஒன்றை எங்கள் ஊரில் கண்டதில்லை. தேங்காய்ப்பூச் சக்கை, குறுணல், கறையான் புற்று... கோழிக்குக் கறையான் கொத்திக்கொண்டு வந்து போடுவது எங்கள் பொறுப்பு. மனிதர் பட்டினி கிடக்கையில் கோழிக்கு வழி தேடுவது ஜேர்மனியருக்கும் எங்களுக்கும் பொதுவாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் ஹேஃபெ எல்லாம் செய்யும் என்று நம்பியவர்களுக்கு ஓர் இடத்தில் அடி விழுந்தது. கோற்றிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த அடொல்ஃப் வின்டவுஸ் என்ற பேராசிரியருக்கு 1928இல் நோபல் பரிசு கிடைத்தது. மதுவத்தில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளில் புற ஊதாக் கதிர் பட்டால் அது டி விற்றமினாக மாறும் என்பது அவரும் மற்றவர்களும் கண்ட விடயம். கதிர் காட்டிய ஹேஃபெயை மாட்டுக்குக் கொடுத்தால் வேலை செய்தது. கோழிக்குஞ்சுக்குக் கொடுத்தார்கள், கால் எலும்பு வளைந்தே கிடந்தது! மதுவத்தில் வரும் டி2 கோழிக்குச் சரியாக உதவாது, அதற்கு டி3 வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது. எங்கள் தொழிற்சாலையில் டி3 தனிப் பெட்டியில் வருவது இதனால்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஹேஃபெ மூட்டைகளில் இப்போது "குடலைக் காக்கும்", "எதிர்ப்புச் சக்தி தரும்" என்று பெரிய எழுத்தில் அடித்திருப்பதைக் காணலாம். இது பழைய ஹேஃபெக் கதை அல்ல. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செய்த தொட்டிகளில் மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. அதன் பிறகு வருத்தம் இல்லாத கோழிக்கும் நாள்தோறும் தீனில் சிறிதளவு மருந்து கலப்பது உலக வழக்கமாகிவிட்டது. இப்படிக் கலந்த மருந்துகளில் ஒன்று 'அவோபார்சின்'. இது ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் கொடுக்கும் 'வன்கொமைசின்' மருந்துக்குச் சகோதரம். தொண்ணூறுகளின் நடுவில் வெர்னிகரோட நகரில் உள்ள றொபேட் கொக் நிலையத்துப் பிரிவினர், வன்கொமைசினுக்கும் அசையாத கிருமிகளைக் கோழிப் பண்ணைக் கழிவிலும் கோழி இறைச்சியிலும் கண்டார்கள். மனிதரைக் காப்பாற்றும் மருந்து கோழித்தீனால் பயனற்றுப் போகப் பார்க்கிறது! ஜேர்மனி 1996 ஜனவரியில் அவோபார்சினைத் தடைசெய்தது. அடுத்த வருடம் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை. 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்கென்று எந்த நுண்ணுயிர்க்கொல்லியையும் தீனில் கலக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. சுவீடன் இதை 1986இலேயே செய்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

மருந்து போன இடத்தை நிரப்பப் பலதும் வந்தன. அமிலங்கள், மூலிகை எண்ணெய்கள், நல்ல பக்டீரியாக்கள், அவற்றோடு ஹேஃபெயின் தோல். தோல் என்று சொல்வது மதுவக் கலத்தின் சுவரை. அதில் 'மனன்' என்ற ஒருவகை இனிப்புச் சங்கிலி இருக்கிறது. சல்மொனெல்லா, ஈ கோலை போன்ற கிருமிகளில் பல, குடலின் சுவரில் உள்ள இதே மாதிரியான இனிப்பைப் பிடித்துத்தான் ஒட்டிக்கொள்கின்றன. மதுவச் சுவர் குடலுக்குள் மிதந்து வந்தால் கிருமி அதைக் குடலென்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படியே எச்சத்தோடு வெளியே போய்விடும். கிருமியைக் கொல்வதில்லை, ஏமாற்றி அனுப்புகிறது. சுவரில் உள்ள இன்னொரு பொருளான 'பீற்றா குளுக்கான்' கோழியின் காவற்படைக் கலங்களைக் கொஞ்சம் விழிப்பாக்குகிறது. ஒரு தொன் தீனுக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். இதை எங்கள் மைஸ்ரர், காலில் ஒட்டிய சுவிங்கத்தை வைத்து விளங்கப்படுத்தினார். அவருடைய டொச் விளங்காவிட்டாலும் சப்பாத்து விளங்கியது.

இது எவ்வளவு தூரம் உண்மை? தத்துவம் உண்மை. பலன்தான் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. சுத்தமான, நெருக்கமில்லாத, காற்றோட்டமான கொட்டிலில் ஹேஃபெத் தோல் போட்டாலும் போடாவிட்டாலும் அதிக வித்தியாசம் தெரியாது. கிருமி அழுத்தம் உள்ள இடத்தில் கொஞ்சம் தெரியும். சில பரிசோதனைகளில் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. ஜேர்மனியில் 1992இல் சல்மொனெல்லாவால் வருத்தம் வந்தவர்கள் என்று பதிவானோர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். இன்றைக்கு அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. அதற்குப் பெரிய காரணம் 1994இல் முட்டைக்கோழிகளுக்குக் கட்டாயமாக்கிய தடுப்பூசியும், அதன் பிறகு வந்த கண்காணிப்பும். ஹேஃபெக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தால் அது அநியாயம். அதேபோலத் தீனில் மருந்து நின்றது என்பதால் கொட்டிலில் மருந்து நின்றுவிடவில்லை. 2011இல் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலம் செய்த ஆய்வில் இறைச்சிக் கோழிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தங்கள் குறுகிய வாழ்நாளில் நுண்ணுயிர்க்கொல்லி பெற்றவை என்று தெரிந்தது. வைத்தியம் என்ற பெயரில், தண்ணீரில். அதன் பிறகு சட்டம் இறுகியது. நாடு முழுவதும் எல்லா மிருகங்களுக்குமாக விற்ற நுண்ணுயிர்க்கொல்லி 2011இல் 1706 தொன், 2022இல் 540 தொன். குறைந்தது நல்லதுதான்.

இங்கு தோட்டம் எடுத்துக் கோழி வளர்க்க நினைப்பவர்கள் எங்களிடம் ஹேஃபெ கேட்கிறார்கள். அவர்களுக்கு முதலில் சட்டத்தைத்தான் சொல்லுவோம். ஒரேயொரு கோழி வைத்திருந்தாலும் மிருகவைத்திய அலுவலகத்தில் பதியவேண்டும். 'நியூகாசில்' நோய்க்குத் தடுப்பு மருந்து கட்டாயம். அது வேறொன்றுமல்ல, ஊரில் ஒரே இரவில் கூட்டைக் காலி பண்ணும் இராணிக்கெட்தான். பறவைக் காய்ச்சல் காலத்தில் வெளியில் விடக்கூடாது என்று அறிவித்தால் விடக்கூடாது. எங்கள் ஆட்கள் நம்ப மறுப்பது ஒன்று உண்டு: வீட்டில் மிஞ்சிய சோறு, கறி எதையும் கோழிக்குப் போடக்கூடாது. சமையலறைக் கழிவு ஐரோப்பா முழுவதும் தடை, அதனால் நோய்கள் பரவுமாம். "ஊரிலை கோழி வேறை என்னத்தைத் திண்டது?" என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஓர் அம்மா கோபித்தே விட்டார். ஐக்மன் இன்றைக்கு இங்கிருந்தால் அவருக்கும் இதே பதில்தான்.

இனித் தம்பியின் விடயம். கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார். கடந்த வருடம் 500 இறைச்சிக் கோழிக்குஞ்சு இறக்கினார். காசு எங்களுடையது பாதி. மற்றப் பாதி அவருடைய மனைவியின் பெயரில் எடுத்த நுண்கடன். அந்தக் கடன்காரர்கள் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பார்கள், காசு கட்டும் வரை போகமாட்டார்கள். மூன்று கிழமை கோழி நன்றாக வளர்ந்தது. நாலாம் கிழமை ஒரு விடியற்காலை எங்கள் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, குஞ்சுகள் குறண்டிக்கொண்டு நிக்குது. நேற்றுப் பதினெட்டு, இண்டைக்கு முப்பத்தொண்டு. நீங்கள் வேலை செய்யிற இடத்திலை குடலுக்கு நல்ல ஈஸ்ற் பவுடர் இருக்கெண்டு சொன்னனீங்களெல்லே? அதிலை பத்துக் கிலோ உடனை அனுப்புங்கோ. காசைப் பாக்காதேங்கோ."

விமானத்தில் வருகிற ஒருவர் கொழும்புக்குப் போக ஆயத்தமாக இருந்தார். பெட்டியில் இடம் கேட்டால் தந்திருப்பார். வீட்டில் கதைத்தோம். அனுப்பாவிட்டால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைப்பார். அனுப்பினால் நாலு நாள் செல்லும், அதற்குள் எத்தனை சாகுமோ. முதலில் மைஸ்ரரைக் கேட்பது என்று முடிவெடுத்தோம். அவர் இந்தப் பகுதிக் கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர், தகப்பனார் கோழி வளர்த்தவர். இடைவேளையில் தம்பி அனுப்பிய படங்களைக் காட்டினோம்.

படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஹேஃபெயைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேள்வி கேட்டார். எத்தனை நாள் குஞ்சு? எச்சத்தில் இரத்தம் இருக்கிறதா? நிலத்தில் என்ன போட்டிருக்கிறது, கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரமா? தண்ணீர்ப் பாத்திரம் ஒழுகுகிறதா? மழை பெய்ததா? அந்த இடத்திலிருந்தே தம்பிக்கு எடுத்துக் கேட்டோம். 25 நாள். எச்சத்தில் இரத்தம் இருக்கிறது. மாரி மழை, ஒரு பக்கம் சாரல் அடித்து உமி நனைந்து கட்டிபட்டுக் கிடக்கிறது. "கொக்சிடியோசே" என்றார் மைஸ்ரர். எங்கள் ஊரில் இரத்தக்கழிச்சல் என்பது. குடலுக்குள் பெருகும் ஓர் ஒட்டுண்ணி. அது பக்டீரியா அல்ல, ஆகவே ஹேஃபெத் தோலைப் பிடித்துக்கொண்டு வெளியேறப் போவதில்லை. ஈரமான உமியில் அதன் முட்டை முற்றும், குஞ்சு கொத்தித் தின்னும், திரும்பவும் குடலுக்குள் போகும். "இன்றைக்கே மிருகவைத்தியரிடம் போகச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பிறகு திரும்பி வந்து, "அவர் என்ன மருந்து கொடுக்கிறார் என்று தெரியும்வரை ஹேஃபெ, விற்றமின் ஒன்றும் கொடுக்கவேண்டாம்" என்றார். ஏன் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

தம்பி செத்த குஞ்சு இரண்டை உரப்பையில் போட்டுக்கொண்டு அரசாங்க மிருகவைத்தியரிடம் போனார். அவர் வெட்டிப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். தண்ணீரில் கலக்க 'அம்புறோலியம்' கொடுத்தார். கடைக்காரர் கொடுத்து, தம்பி இரண்டு நாளாகத் தண்ணீரில் கலந்து வந்த பி விற்றமின் போத்தலை உடனே நிறுத்தச் சொன்னார். இங்கே ஆய்வுகூடத்துப் பெண்ணிடம் விளக்கம் கேட்டோம். இந்த ஒட்டுண்ணி பெருகுவதற்கு பி1 வேண்டும். அம்புறோலியம் பார்வைக்கு பி1 மாதிரி. ஒட்டுண்ணி அதை பி1 என்று நினைத்து எடுத்துக்கொண்டு, உண்மையான பி1 கிடைக்காமல் செத்துப்போகும். நாங்கள் இரக்கப்பட்டு பி1ஐ அள்ளிக் கொடுத்தால் மருந்தின் வலு குறைந்துவிடும். ஹேஃபெயில் என்ன நிறைய இருக்கிறது? அதே பி1! பத்தாவியாவில் கோழியை எழுப்பிய சத்து, கிளிநொச்சியில் அந்தக் கிழமை கொடுத்திருந்தால் ஒட்டுண்ணிக்குத்தான் உதவியிருக்கும்.

நனைந்த உமியை அள்ளி வெளியே கொட்டிப் புது உமி போட்டார்கள். சாரல் அடிக்கும் பக்கத்துக்குத் தறப்பாள் கட்டினார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கல் வைத்து உயர்த்தினார்கள். தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் இரண்டு நாள் நித்திரை இல்லை. மூன்றாம் நாள் ஏழு, நாலாம் நாள் இரண்டு, பிறகு நின்றுவிட்டது. 500இல் 137 போய்விட்டது. மிஞ்சியவையும் நிறையில் குறைவு. விற்ற காசில் கடனுக்குக் காணாது, இரண்டு மாதத் தவணையை நாங்கள் இங்கிருந்து கட்டினோம். அந்தக் குளிர்காலம் சனி இரவு வேலையும் சேர்த்துச் செய்தோம். எங்கள் மகளின் நீச்சல் வகுப்பைச் சித்திரை வரை தள்ளி வைத்தோம். பொய் எழுதுவானேன், இதெல்லாம் எங்கள் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்.

தம்பி இப்போது இறைச்சிக் கோழியை விட்டுவிட்டு 60 முட்டைக்கோழி வைத்திருக்கிறார். ஆழ்கூளம் போட்டு, ஒவ்வொரு காலையும் கிளறிவிடுகிறார், பிடியில் எடுத்துப் பிழிந்து பார்க்கிறார். தடுப்பு மருந்துத் திகதிகளைக் கூட்டின் கதவில் எழுதி வைத்திருக்கிறார். கோழி சுகமாக இருக்கும்போது ஹேஃபெ கொடுத்தால் நல்லதா என்று திரும்பவும் கேட்டார். நல்லதுதான் என்றோம். ஆனால் இங்கிருந்து 25 கிலோ மூட்டை அனுப்பும் செலவில் அங்கே இன்னும் கொஞ்சம் கோழி வாங்கலாம். அதற்குத் தம்பியே ஒரு வழி கண்டுபிடித்தார். கள்ளுத் தவறணையில் பீப்பாவின் அடியில் நிற்கும் மண்டியைக் கழுவி ஊற்றிவிடுவார்கள். அதுவும் மதுவந்தானே! மைஸ்ரரைக் கேட்டுச் சொன்னோம்: நன்றாகக் கொதிக்க வைத்து, மதுவத்தைச் சாகடித்து, மதுசாரமும் போன பிறகு, ஆறவிட்டுத் தவிட்டோடு குழைத்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம், அன்றன்றைக்கே முடித்துவிடவேண்டும். தவறணைக்காரர் காசு வாங்காமல் வாளியில் கொடுக்கிறாராம். தம்பி பின்னேரம் வாளியோடு அந்தப் பக்கம் போய் வருவதைப் பார்த்த அயலவர்கள் அவருடைய மனைவியிடம் வந்து, "என்ன பிள்ளை, உவர் இப்ப வாளியிலையோ வாங்கிறார்?" என்று கேட்கிறார்களாம். அவர் சிரித்துக்கொண்டு கோழிக்கூட்டைக் காட்டுவாராம்.